போர்மட் செய்வதற்கு முன்

டிக்கோயாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் வாசிகசாலையில் ஒரு மேசைக் கணினி இருக்கிறது. 2 ஜிகாபைட் நினைவகம், 320 ஜிகாபைட் வன்தட்டு, விண்டோஸ் 7. மரணாதாரச் சங்கத்தின் சந்தாக் கணக்கு அதில்தான். மாலை வகுப்பு வினாத்தாள்கள் அதில்தான். மாசி மாதக் காமன் கூத்தைப் பல வருடங்களாக எடுத்த படங்களும், வயதான பாட்டுக்காரர் ஒருவர் பாடிக்காட்ட, பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து தட்டச்சு செய்த கூத்துப் பாடல்களும் அதில்தான். கணினிப் பிரதி வேறெங்கும் இல்லை. அந்தக் கணினி விண்டோஸ் சின்னத்தைக் காட்டிவிட்டு, அதற்கு மேல் அசையாமல் நின்றுவிட்டது.

செயலாளர் பெட்டியை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தபோதே ஒரு முடிவோடுதான் வந்தார்.

"தம்பி, டவுனில் விசாரித்தேன். போர்மட் செய்து புதிதாக விண்டோஸ் போட்டால் ஓடும் என்கிறார்கள்."

"கணினி ஓடும் அண்ணே. சங்கத்துக் கணக்கும் சேர்ந்து ஓடிவிடும்."

கணக்கை எடுக்க வழி உண்டா என்று கேட்டார். பார்த்துவிட்டுச் சொல்கிறேன், அதுவரை இதை யாரும் ஆன் செய்து பார்க்க வேண்டாம் என்றேன். ஏற்கெனவே பல பேர் பல முறை ஆன் செய்து பார்த்திருந்தார்கள். சாகக் கிடக்கும் வன்தட்டுக்கு அதைவிடப் பெரிய தீங்கு கிடையாது. ஒவ்வொரு முறையும் விண்டோஸ் தானாகத் தட்டைச் சோதிக்கிறேன், திருத்துகிறேன் என்று எழுத ஆரம்பித்துவிடும்.

திருத்தும் கடைக்காரர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. போர்மட் செய்து கொடுப்பது அரை நாள் வேலை. தகவலை மீட்டுக் கொடுப்பது எத்தனை நாள் என்று சொல்ல முடியாத வேலை. அதற்குக் காசு கொடுக்க வாடிக்கையாளரும் தயாராக இல்லை. எனக்குக் கோபம் வருவது வேறொரு கூட்டத்தின் மேல். 'இலவச மீட்பு மென்பொருள்' என்று தேடினால் முதலில் வந்து நிற்பவை, தொலைந்த கோப்புகளையெல்லாம் பட்டியலிட்டு, சிறு படமாகவும் காட்டி, 'சேமி' என்று அழுத்தியதும் டொலரில் விலை சொல்கின்றன. உண்மையிலேயே காசு கேட்காமல், அவற்றைவிட நன்றாக வேலை செய்யும் மென்பொருள்கள் இருபது வருடங்களாக இருக்கின்றன. அவற்றுக்கு விளம்பரம் இல்லை, பளபளப்பான முகப்பு இல்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள்தான். அதனால்தானோ என்னவோ, நம் பக்கத்தில் கணினி படித்தவர்களுக்கும் அவற்றின் பெயர் தெரிவதில்லை.

முதலில் வேண்டியது, நோயாளி வன்தட்டைத் தொடாமல் கணினியை எழுப்பும் ஒரு பென்ட்ரைவ். வென்டாய் என்ற சிறு மென்பொருளைப் பென்ட்ரைவில் ஒரு தடவை நிறுவிவிட்டால் போதும். அதன் பிறகு இயங்குதளம் ஒன்றை முழுவதுமாக ஒரே கோப்பாகக் கட்டி வைத்த ஐஎஸ்ஓ கோப்புகள் எத்தனை வேண்டுமோ அத்தனையையும் சாதாரணக் கோப்புகளைப் போல அதில் போட்டு வைக்கலாம். கணினியை அந்தப் பென்ட்ரைவிலிருந்து தொடங்கினால் எது வேண்டும் என்று ஒரு பட்டியல் வரும். என் பென்ட்ரைவில் லினக்ஸ் மின்ட் (விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச இயங்குதளம்), நினைவகத்தைச் சோதிக்கும் மெம்டெஸ்ட், அவற்றோடு சிஸ்டம்ரெஸ்கியூ ஆகியவை எப்போதும் இருக்கும். சிஸ்டம்ரெஸ்கியூ என்பது மீட்பு வேலைக்கென்றே கட்டப்பட்ட லினக்ஸ். இந்தப் பதிவில் வரும் மீட்புக் கருவிகள் அதில் முன்கூட்டியே இருக்கின்றன. நாம் சொல்லாமல் அது வன்தட்டில் கைவைப்பதில்லை என்பதுதான் அதன் முதல் சிறப்பு.

வன்தட்டைக் கழற்றி, யூஎஸ்பி இணைப்பான் எதுவும் இல்லாமல், என் கணினிக்குள் வன்தட்டை இணைக்கும் சாட்டா கம்பியிலேயே நேராகப் பொருத்தினேன். பழுதடைந்த தட்டுகளை யூஎஸ்பி பெட்டிக்குள் போட்டு வாசிக்கப் போனால், ஒரு பிழை வந்ததும் அந்த இணைப்பானே திகைத்து நின்றுவிடும். தட்டு நின்றதா இணைப்பான் நின்றதா என்று தெரியாமல் நாம் விழிக்க வேண்டியதுதான்.

காதை அருகில் வைத்துக் கேட்டேன். சீராகச் சுற்றியது. இடையிடையே மட்டும் ஒரு 'டிக்', பிறகு சற்று மௌனம், மறுபடி ஒரு 'டிக்'. ஓயாமல் டக் டக் என்று அடித்துக்கொண்டிருந்தால் வாசிப்புத் தலையே போய்விட்டதாகக் கொள்ளலாம். அதற்கு மென்பொருள் மருந்து கிடையாது, உடனே நிறுத்திவிட வேண்டும். இது அந்த நிலைக்கு வரவில்லை.

வன்தட்டு ஒவ்வொன்றும் தன் உடல்நிலைக் குறிப்பைத் தானே எழுதி வைத்திருக்கிறது. அதை வாசிக்கும் கருவி ஸ்மார்ட்மொன்டூல்ஸ். விண்டோஸில் இதே வேலைக்குக் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ இருக்கிறது. ஜப்பானியர் ஒருவர் எழுதியது, காசில்லை, நிறத்தாலேயே நிலையைச் சொல்லிவிடும். இரண்டிலும் நான் முதலில் தேடுவது மூன்று வரிகள். 5 என்ற எண்ணுள்ள வரி, பழுதாகி மாற்றிடத்துக்குக் கொண்டுபோகப்பட்ட துண்டுகளின் கணக்கு. 197, வாசிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருக்கும் துண்டுகள். 198, திருத்தவே முடியாதவை. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ இந்த எண்களைப் பதினாறின் அடியில் காட்டுவதால் 197 அங்கே சி5 என்றும் 198 சி6 என்றும் வரும். அதன் வலப்பக்கத்து மூல மதிப்பும் அப்படித்தான். அங்கே 10 என்று இருந்தால் அது பத்து அல்ல, பதினாறு. இந்தத் தட்டில் 197ஆம் வரி பூச்சியத்தை விட்டு வெகுதூரம் போயிருந்தது. அதாவது, தட்டு வாசிக்கத் தடுமாறுகிறது, இன்னும் சாகவில்லை. நகல் எடுக்கும் நேரம் இதுதான்.

பிரிட்ஜில் வைத்து எடுத்தால் வன்தட்டு உயிர்பெறும் என்றொரு வைத்தியம் நம்மூரிலும் உலவுகிறது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் துவைத்த துணி வாரக்கணக்கில் காயாத இந்தப் பிரதேசத்தில், குளிர்ந்த உலோகப் பெட்டியை வெளியே எடுத்தால் உள்ளே நீர்த்துளி படியத்தான் செய்யும். தயவுசெய்து வேண்டாம்.

நகல் எடுப்பதற்கு ஜிஎன்யு டிடிரெஸ்கியூ. அந்தோனியோ டியாஸ் டியாஸ் என்பவர் 2004 முதல் எழுதிப் பராமரித்துவருவது. இந்தப் பதிவில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் இந்தப் பெயரைத்தான் சொல்வேன். உபுண்டு, டெபியன் பயன்படுத்துபவர்கள் கவனிக்க: அங்கே இதன் பொதிக்கு முன்னால் ஒரு 'ஜி' சேர்த்து 'ஜிடிடிரெஸ்கியூ' என்று பெயர். கிட்டத்தட்ட இதே பெயரில் வேறொருவர் எழுதிய இன்னொரு கருவியும் உண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

சாதாரணமாக நாம் கோப்புகளைப் பிரதி செய்யும்போது, வாசிக்க முடியாத ஓர் இடம் வந்தால் கணினி அங்கேயே மல்லுக்கட்டிக்கொண்டு நிற்கும். அந்த மல்லுக்கட்டலிலேயே தட்டு செத்துப்போகலாம். டிடிரெஸ்கியூ அப்படியல்ல. தெரிந்த வினாக்களையெல்லாம் முதலில் எழுதி முடித்துவிட்டு, கடினமானவற்றுக்குக் கடைசியில் திரும்பி வரும் பரீட்சார்த்தியின் தந்திரம் அதனுடையது. இலகுவாக வாசிக்கக்கூடிய பகுதிகளை முதல் ஓட்டத்தில் அள்ளிக்கொள்ளும். தடுக்கும் இடத்தைத் தாண்டிக் குதித்துவிடும். பிறகு திரும்பி வந்து, பழுதான பகுதிகளின் ஓரங்களைச் சீவும். அதற்கும் பிறகு உள்ளே துண்டு துண்டாகச் சுரண்டும். எந்த இடம் கிடைத்தது, எது இன்னும் பாக்கி என்பதை ஒரு வரைபடக் கோப்பில் எழுதிக்கொண்டே போகும்.

முழு வன்தட்டையும் 320 ஜிகாபைட் அளவுள்ள ஒரே பிம்பக் கோப்பாக, வேறொரு 500 ஜிகாபைட் தட்டில் எடுத்தேன். தட்டிலிருந்து தட்டுக்கு நேராக எழுதவும் முடியும். ஆனால் மூலத்தையும் இலக்கையும் மாற்றிச் சொல்லிவிட்டால் வெறுமையான தட்டு நிறைந்த தட்டின் மேல் எழுதப்பட்டுவிடும்; கோப்பாக எடுத்தால் அந்த ஆபத்துக் குறைவு. அப்படியும், கட்டளையைத் தட்டுவதற்கு முன் இரண்டு தட்டுகளின் தொடர் எண்களையும் அவற்றின் முதுகில் ஒட்டியிருந்த சீட்டுகளோடு ஒப்பிட்டுக்கொண்டேன். இலக்குத் தட்டு எஃப்ஏடி32 முறையில் இருக்கக் கூடாது. அதில் ஒரு கோப்பு 4 ஜிகாபைட்டைத் தாண்ட முடியாது.

முதல் ஓட்டத்தில் சுரண்டும் வேலையைத் தவிர்க்கும்படி சொல்லிவிட்டுத் தொடங்கினேன். திரையில் மீட்கப்பட்ட அளவு ஏறிக்கொண்டே போவதும், வேகம் திடீரென்று கிலோபைட்டுக்கு விழுவதும், பிறகு குதித்துக்கொண்டு மறுபடி ஏறுவதும் பார்க்க அலுக்காது. கடைசியாக வெற்றிகரமாக வாசித்து எத்தனை வினாடியாயிற்று என்றும் அது காட்டும். அந்த எண் ஏறிக்கொண்டே போனால் தட்டு திணறுகிறது என்று பொருள்.

பாதி வழியில் பிற்பகல் இடி முழங்கியது, மின்சாரம் போய்விட்டது. பருவக்காற்று மாறும் மாதங்களில் இங்கே அது வழக்கம்தான். என் மேசைக் கணினிக்குத் தடையில்லா மின்வழங்கி கிடையாது. மின்சாரம் வந்ததும் அதே கட்டளையை அதே வரைபடக் கோப்பின் பெயரோடு மறுபடி கொடுத்தேன். விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டது. வரைபடக் கோப்பின் பெயரைக் கொடுக்காமலும் இந்தக் கருவியை ஓட்ட முடியும். அப்படி ஓட்டியிருந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். அந்தத் தட்டு இரண்டாவது முழு வாசிப்பைத் தாங்கியிருக்குமா என்பது சந்தேகம். நம் மின்சார நிலைமையில் இந்தக் கோப்பு கட்டாயம் வேண்டும்.

அடுத்த ஓட்டத்தில் சுரண்டவும், தோற்ற இடங்களை 3 தடவை மறுபடி முயலவும் சொன்னேன். முடிவில் சில மெகாபைட் மட்டும் கிடைக்காமல் நின்றது. பழைய தட்டைக் கழற்றிச் சீட்டு ஒட்டி அலுமாரியில் வைத்தேன். இதற்குப் பிறகான வேலையெல்லாம் பிம்பத்தின் மேல்தான்.

சில மெகாபைட் என்பது சிறிய அளவுதான். ஆனால் அது எந்தக் கோப்புக்குள் விழுந்தது? விண்டோஸின் சொந்தக் கோப்பில் விழுந்திருந்தால் கவலையே இல்லை. சந்தாக் கணக்கில் விழுந்திருந்தால் அது பெரிய விடயம். இதற்கு டிடிரெஸ்கியூவின் கையேட்டிலேயே ஒரு வழி இருக்கிறது. கிடைக்காத இடங்களை, பிம்பத்தில் நாம் கொடுக்கும் ஒரு சொல்லால் நிரப்பச் சொல்லலாம். வேறெங்கும் இயல்பாக வர முடியாத ஒரு சொல்லாகப் பார்த்துக் கொடுக்க வேண்டும். பிறகு பிம்பத்தை வாசிக்க மட்டும் அனுமதித்துத் திறந்து, எந்தெந்தக் கோப்புக்குள் அந்தச் சொல் இருக்கிறது என்று தேடினால், காயம்பட்ட கோப்புகள் அத்தனையும் பெயர் சொல்லி வந்து நிற்கும். முடிந்ததும் அதே முறையில் பூச்சியங்களை நிரப்பிவிடலாம்.

வந்து நின்றவற்றில் பெரும்பாலானவை விண்டோஸின் கோப்புகள். கணினி ஏன் எழவில்லை என்பதும் அதிலேயே விளங்கிற்று. சந்தாக் கணக்கு தப்பித்திருந்தது. சில படங்களும் ஒரு பாடல் கோப்பும் மாட்டியிருந்தன. மன்மதனை எரிக்கும் கட்டத்தில் ரதியாக வேடமிட்டவர் நிற்கும் படமொன்றில் கிரீடமும் முகமும் தெளிவாக இருந்தன. கழுத்துக்குக் கீழே முழுவதும் சாம்பல் நிறப் பட்டை. ஜேபெக் படங்கள் மேலிருந்து கீழாகச் சுருக்கி எழுதப்படுவதால், நடுவில் ஓரிடம் போனால் அதற்குக் கீழே உள்ளதும் பெரும்பாலும் போய்விடும். பாடல் கோப்பு பழைய டொக் வகை. அதில் எழுத்துகள் சுருக்கப்படாமல் கிடப்பதால் சில வரிகள் மட்டும் காணாமற்போய், மீதி கிடைத்தது. புதிய டொக்எக்ஸ் வகையாக இருந்திருந்தால், அது ஒரு சுருக்கப்பட்ட பொதி என்பதால் இவ்வளவு எளிதில் பிழைத்திருக்காது.

கோப்புறைகளில் ஒன்று மட்டும் திறக்க மறுத்தது: படங்கள் இருந்த கோப்புறை. அதன் அட்டவணை இருந்த இடமே பழுது. இங்கே டெஸ்ட்டிஸ்க், போட்டோரெக் என்ற இரட்டையர்கள். இரண்டையும் எழுதியவர் கிறிஸ்டோப் கிரெனியே. இரண்டும் ஒரே பொதியில் வருகின்றன. எதை முதலில் பயன்படுத்துவது என்பதில் பலர் அவசரப்படுகிறார்கள். டெஸ்ட்டிஸ்க், எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று தட்டில் எழுதியுள்ள கோப்பு முறைமையை வாசித்து, பெயரோடும் கோப்புறையோடும் கோப்புகளைக் கொடுக்கப் பார்க்கும். போட்டோரெக் கோப்பு முறைமையைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. தட்டின் முதல் துண்டிலிருந்து கடைசித் துண்டு வரை வாசித்து, ஒவ்வொரு வகைக் கோப்பின் தொடக்கத்திலும் இருக்கும் அடையாள பைட்டுகளைக் கண்டு வெட்டி எடுக்கும். அதனால் பெயர் போய்விடும், கோப்புறை போய்விடும். தட்டில் சிதறி எழுதப்பட்டிருந்த கோப்பு முழுமையாக வராது. டெஸ்ட்டிஸ்கால் முடியாதபோதுதான் போட்டோரெக். டெஸ்ட்டிஸ்க் பாதிப் படங்களைப் பெயரோடு கொடுத்தது. மீதிக்குப் போட்டோரெக்கை ஏவினேன்.

போட்டோரெக் கொட்டிய குவியலைப் பார்த்துச் செயலாளர் மலைத்துப்போனார். 'எஃப்' எழுத்தோடு தொடங்கும் எண்களே பெயர்களாக, கோப்புறைக்கு 500 வீதம், ஆயிரக்கணக்கான படங்கள். அவற்றில் பாதிக்கு மேல் என்றோ திறந்து பார்த்த இணையப் பக்கங்களின் சின்னங்களும் விளம்பரத் துண்டுகளும்.

இதைப் பிரித்தெடுக்க எக்ஸிப்டூல். பில் ஹார்வி என்பவர் எழுதியது. கமெரா எடுக்கும் ஒவ்வொரு படத்துக்குள்ளும் கமெராவின் பெயர், எடுத்த நாள், நேரம் எல்லாம் எழுதப்பட்டிருக்கின்றன. பெயர் அழிந்தாலும் இவை அழிவதில்லை. கமெராப் பெயர் இல்லாத படங்களை ஒரு பக்கம் ஒதுக்கச் சொன்னேன்; இணையக் குப்பை முழுவதும் அதில் போயிற்று. மீதியை ஆண்டு, மாதம், நாள், நேரம் என்ற ஒழுங்கில் பெயர் மாற்றச் சொன்னேன். ஒரே கட்டளை, தேநீர் ஊற்றிக்கொண்டு வருவதற்குள் முடிந்துவிட்டது.

அதன் பிறகுதான் விநோதம். ஒரு வருடத்துக் கூத்துப் படங்கள் அத்தனையும் கமெரா செய்யப்பட்ட ஆண்டின் ஜனவரி முதலாம் திகதியில் போய் உட்கார்ந்திருந்தன. பற்றரியை நீண்ட நாள் கழற்றி வைத்ததில் அந்தக் கமெராவின் கடிகாரம் தொடக்கத்துக்குப் போயிருக்கிறது, யாரும் திருத்தவில்லை. ஒரு படத்தின் பின்னணியில் கோயில் விழாப் பதாகை தெரிந்தது. பெரிதாக்கினால் திகதி வாசிக்கக்கூடியதாக இருந்தது. அந்தத் திகதிக்கும் கமெரா சொன்ன திகதிக்கும் உள்ள இடைவெளியைக் கணக்கிட்டு, அந்தக் கமெராவின் அந்தத் தொகுதிப் படங்களை மட்டும் அவ்வளவு நாள் முன்னே தள்ளும்படி எக்ஸிப்டூலிடமே சொன்னேன். வாட்ஸ்அப்பில் வந்து சேமித்த படங்களுக்கு மட்டும் வழி இல்லை. அனுப்பும்போதே வாட்ஸ்அப் இந்தக் குறிப்புகளை உரித்துவிடுகிறது. அவற்றைச் செயலாளரும் அவரது மகளும் கண்ணால் பார்த்துத்தான் பிரித்தார்கள்.

இனி பாமினி. உண்மையில் இந்த வேலையில் அதிக நேரத்தைத் தின்றது வன்தட்டு அல்ல, இதுதான்.

இலங்கையில் கணினியில் தமிழ் தட்டச்சு செய்த ஒரு தலைமுறையே பாமினி எழுத்துருவில்தான் வாழ்ந்தது. அந்தக் கோப்புகளுக்குள் இருப்பது தமிழ் அல்ல, ஆங்கில எழுத்துகள். அந்த எழுத்துருவின் வேடத்தில் அவை தமிழாகத் தெரிகின்றன. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், மெய்யெழுத்துக்குப் புள்ளி வர வேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளி நிற்கும் ஆங்கிலக் குழப்பம். போட்டோரெக் சில ஆவணங்களுக்கு உள்ளிருக்கும் தலைப்பைப் பார்த்துப் பெயரும் சூட்டும். வேர்ட் அந்தத் தலைப்பாக ஆவணத்தின் முதல் வரியை எடுத்து வைத்திருக்கும். ஆகவே பெயர்களும் அதே குழப்பத்தில்தான் இருந்தன.

தேடுவதில் இன்னும் சிக்கல். பாமினியில் 'க'வும் 'கு'வும் ஒரே விசையின் சிறிய எழுத்தும் பெரிய எழுத்தும். சிறிது பெரிது பார்க்காத தேடலுக்கு இரண்டும் ஒன்றே. சந்தாப் பட்டியலை அகரவரிசைப்படுத்தினால் கோபால், சேகர், தேவி மூவரும் ஒரே இடத்தில் கூடிவிடுவார்கள். மூவரின் பெயரும் பாமினியில் இரட்டைச் சுழிக் கொம்பிலேயே தொடங்குவதால். வருடக்கணக்கில் இந்தப் பட்டியலில் பெயர் தேடியவர்கள் விரலை வைத்து வரிவரியாகத்தான் தேடியிருக்கிறார்கள். அதுவே வழக்கமாகிவிட்டதால் யாருக்கும் குறையாகத் தெரியவில்லை.

எல்லாக் கணினிக்கும் பொதுவான ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்ற, ஓப்பன்-தமிழ் என்ற, பைதான் மொழியில் எழுதிய நிரலகத்தைப் பயன்படுத்தினேன். பாமினி உட்படப் பழைய குறியாக்கங்கள் பலவற்றை அது மாற்றும். ஆனால் முழு ஆவணத்தையும் அப்படியே அதில் தள்ள முடியாது. வினாத்தாளில் உண்மையான ஆங்கிலமும் இருக்கிறதே. அதுவும் அர்த்தமற்ற தமிழாகிவிடும். ஆகவே முதலில் லிப்ரே ஆபிஸைத் திரையில் திறக்காமலே, கட்டளை மூலம் எல்லா டொக் கோப்புகளையும் டொக்எக்ஸ் ஆக்கினேன். பிறகு பைதான்-டொக்எக்ஸ் என்ற நிரலகத்தைக் கொண்டு ஒவ்வொரு ஆவணத்தையும் துண்டு துண்டாக வாசித்து, பாமினி எழுத்துருவில் உள்ள துண்டுகளை மட்டும் மாற்றும் சிறு நிரல் ஒன்றை எழுதினேன். துண்டில் எழுத்துருவின் பெயர் இல்லாவிட்டால் அந்தப் பத்தியின் பாணியில் போய்ப் பார்க்க வேண்டும். பல ஆவணங்களில் அங்கேதான் இருந்தது.

இதை யாராவது செய்யப்போவதானால் ஒரு முக்கிய விடயம். வேர்ட் ஒரு வரியைத் தன் விருப்பத்துக்குத் துண்டு போட்டு வைத்திருக்கும். இடையில் ஓர் எழுத்தைத் திருத்தியிருந்தாலே அந்த இடத்தில் வெட்டிவிடும். பாமினியோ கண்ணுக்குத் தெரியும் வரிசையில் எழுதுவது. 'கொழுந்து' என்பதில் முதலில் கொம்பு, அடுத்து க, அடுத்துக் கால். ஒருங்குறியில் க முதலில் வர வேண்டும். வெட்டு கொம்புக்கும் க-வுக்கும் நடுவே விழுந்திருந்தால், தனித்தனியாக மாற்றும்போது கொம்பு ஒரு புள்ளிவட்டத்தைக் கட்டிக்கொண்டு அநாதையாக நிற்கும். பக்கத்தில் 'காழுந்து' என்று ஒரு சொல் நிற்கும். ஆகவே அடுத்தடுத்து ஒரே எழுத்துருவில் உள்ள துண்டுகளை முதலில் ஒட்டிவிட்டு, அதற்குப் பிறகே மாற்ற வேண்டும். அதைச் செய்ததும் முக்கால்வாசிப் பிழைகள் போயின.

எக்செல் கணக்கு இதைவிட எளிது. தொகைகள் எண்களாகவே இருப்பதால் அவற்றைத் தொடவே தேவையில்லை; பெயர்கள் உள்ள நெடுவரிசையை மட்டும் மாற்றினால் போதும். மாற்றிய பட்டியலைச் செயலாளரிடம் காட்டி, ஒரு பெயரைச் சொல்லுங்கள் என்றேன். சொன்னார். தட்டினேன், வந்தது. "சிட்டாப் புத்தகத்தை இனிமேல் புரட்ட வேண்டியதில்லையா?" என்று கேட்டார். புரட்டுங்கள் அண்ணே, கையெழுத்துப் பிரதியை மட்டும் ஒருபோதும் விட்டுவிடாதீர்கள் என்றேன். மரண வீட்டுக்குப் பணம் கொடுக்கும் சங்கத்தின் கணக்கு கடதாசியிலும் இருக்கத்தான் வேண்டும்.

பாடல் கோப்புகளை ஆவணமாகவும், எந்தக் கணினியிலும் திறக்கும் வெறும் எழுத்துக் கோப்பாகவும் இரண்டு விதமாகச் சேமித்தேன். காணாமற்போன வரிகளின் இடத்தைக் கோடிட்டு அச்சடித்துப் பாட்டுக்காரரிடம் அனுப்பினோம். அவர் விடுபட்டதைச் சொன்னதோடு, பிள்ளைகள் தட்டச்சு செய்ததில் பிழையான இடங்களையும் ஒரு பிடி பிடித்திருக்கிறார்.

கணினியின் மீதி வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுழலும் தட்டில்லாத சேமிப்பகமான எஸ்எஸ்டி சிறியது ஒன்றும் பழைய நினைவகப் பலகை ஒன்றும் வாங்கிப் போட்டு 4 ஜிகாபைட் ஆக்கினேன். விண்டோஸ் 7க்கான பாதுகாப்பு ஆதரவு 2020 ஜனவரியிலேயே முடிந்துவிட்டது. லினக்ஸ் மின்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை நிறுவினேன். பிரதி எடுக்கப் பேக் இன் டைம். மின்டோடு வரும் டைம்ஷிப்ட் இருக்கிறதே என்று சிலர் நினைக்கலாம். அது இயங்குதளத்தைக் காப்பதற்கு, நம் ஆவணங்களை அது இயல்பாகச் சேர்ப்பதில்லை. பேக் இன் டைம் மாறாத கோப்புகளை மறுபடி எழுதாததால், வாரந்தோறும் எடுத்தாலும் வெளித்தட்டு சீக்கிரம் நிரம்பாது. அந்த வெளித்தட்டு வாசிகசாலையில் அல்ல, செயலாளர் வீட்டில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

பிள்ளைகளுக்காகக் கிவிக்ஸ் போட்டேன். தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் ஒரே கோப்பாக இறக்கி வைத்து, இணையம் இல்லாமலே வாசிக்கலாம். படங்களோடும் படங்கள் இல்லாமலும் தனித்தனிக் கோப்புகள் கிடைக்கின்றன. பெரிய கோப்பை ஹட்டனில் ஒரு நண்பர் வீட்டில், நள்ளிரவுக்குப் பிறகான டேட்டாவில் இறக்கிப் பென்ட்ரைவில் கொண்டுபோனேன். மேகம் இறங்கிவிட்டால் தொலைபேசியில் சமிக்ஞையே பிடிக்காத தோட்டத்தில், உயர்தரப் பிள்ளைகள் இதைத்தான் அதிகம் திறக்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். கல்வி வெளியீட்டுத் திணைக்களம் இணையத்தில் இலவசமாகத் தரும் பாடநூல் பிடிஎஃப்களையும் பக்கத்திலேயே வைத்தேன்.

தட்டச்சுக்கு ரெங்கநாதன் விசைப்பலகை. லினக்ஸில் விசைப்பலகைகளைத் தேர்ந்தெடுக்கும் ஐபஸ் பட்டியலில் இலங்கைக்கான அந்த அமைப்புத் தயாராகவே இருக்கிறது. பாமினியில் பழகிய விரல்களுக்கு அது அதிகம் அந்நியமாக இல்லை; வருவது ஒருங்குறி.

பாக்கி இருப்பது ஒரு சின்னத் தொகுதி. சில வினாத்தாள்கள் வேறெங்கோ தட்டச்சு செய்து பென்ட்ரைவில் கொண்டுவரப்பட்டவை. அவற்றின் எழுத்துரு பாமினி அல்ல, அந்த எழுத்துருக் கோப்பு இந்தத் தட்டில் ஒருபோதும் இருந்ததும் இல்லை. ஓப்பன்-தமிழின் தானாகக் கண்டுபிடிக்கும் வசதியாலும் அதை அடையாளம் காண முடியவில்லை. அச்சடித்த வினாத்தாள் ஒன்று மாலை வகுப்பு ஆசிரியையிடம் இருப்பதாகச் சொன்னார்கள். அதையும் கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்த ஆங்கில எழுத்துக்கு எந்தத் தமிழ் எழுத்து என்று ஓர் அட்டவணை போட்டுக்கொண்டிருக்கிறேன். உயிர்மெய் உகர வரிசை இன்னும் முடியவில்லை.